இடது கன்னத்து வெயில்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. நாகமலை புதுக்கோட்டைக்கும் மேற்கே இருந்தது எங்கள் ஊர். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி மதுரைக்குப் போய் விலங்கியல் படித்தேன். தெருவில் யாருக்கு மருந்துக் குப்பி வாங்கி வந்தாலும், எத்தனை வேளை குடிப்பது என்று கேட்க என்னிடம்தான் வருவார்கள். அதனால் பெரியம்மாவின் முகம் ஊர்ச் சபையில் ஒரு வழக்காக மாறியபோது, அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலையும் எனக்கே வந்தது.

பெரியம்மா என் அம்மாவுக்கு மூத்தவள். எங்கள் ஊரிலேயே அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தோட்டத்தில் விளைந்த வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கூடையில் ஏற்றி, முதல் பஸ்ஸில் ஆரப்பாளையம் போய், பஸ் திரும்பும் இடத்தில் ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து விற்றுவிட்டு மதியத்துக்குத் திரும்புவாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய வேலை. இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்ததெல்லாம் அந்தக் கூடையில்தான்.

நாற்பது வயதைத் தாண்டியதும் அவளுடைய இடது கன்னத்தில், காதுக்குப் பக்கத்தில், துவரம்பருப்பு அளவில் ஒரு பழுப்புப் புள்ளி வந்தது. பிறகு அதைச் சுற்றி வேறு சில. நெற்றியோரத்தில் ஒன்று நாளாக நாளாகப் பெரிதாகிக் காசளவு ஆயிற்று. புறங்கைகளில் கேழ்வரகைத் தூவியதுபோல் இருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. கண்ணாடி பார்க்கும் வழக்கமும் அவளுக்கு இல்லாததால், புள்ளிகள் வந்ததைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

முதலில் சொன்னது பெரியப்பாவின் தங்கை. புருஷன் இறந்த பிறகு அண்ணன் வீட்டிலேயே இருந்தவள்.

"என்ன மதினி, ராத்திரி ஈயெல்லாம் ஒம் மூஞ்சியிலதான் அடையுதா? இம்புட்டுப் பேண்டு வச்சிருக்கு."

பெரியம்மா முந்தானையால் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தாள். துடைத்தால் போகும் என்று அவள் நினைத்தது அந்த வீட்டில் பல நாள் சிரிப்பாக ஓடியது.

அதன்பின் வைத்தியம் ஆரம்பித்தது. ஜாதிக்காயை உரசிப் போட்டார்கள். பப்பாளிப் பாலைத் தடவினார்கள். எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துவிட்டு அப்படியே கூடையோடு அனுப்பினார்கள். வெயிலில் உட்கார்ந்ததும் கன்னம் காந்தியது, புள்ளிகள் முன்னைவிடக் கறுத்தன. கடைசியில் பெரியப்பாவின் தங்கை சேங்கொட்டை கொண்டுவந்தாள். துணி வெளுப்பவர்கள் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அழியாத குறி போடுவது அந்தக் கொட்டையில்தான். அதை ஊசியில் குத்தி விளக்கில் வாட்டினால் கறுப்பாக எண்ணெய் கசியும். அந்த எண்ணெயை நெற்றியோரத்துப் பெரிய புள்ளியின் மேல் வைத்தாள்.

"கறுப்பக் கறுப்புதான் எடுக்கும். அசையாம இரு மதினி. பிள்ளை பெத்தவளுக்கு இது ஒரு வலியா?"

மறுநாள் பெரியம்மாவின் இடது கண் வீங்கி மூடிவிட்டது. கொப்பளம் உடைந்து நீர் வடிந்தது. புண் ஆறியபோது அந்த இடத்தில் கறுப்பும் இல்லை, பழைய நிறமும் இல்லை. வெளிறிய, வழுவழுப்பான ஒரு திட்டு. சுற்றிலும் கறுத்த புள்ளிகள் இருக்க, நடுவே அது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

வெள்ளைத் திட்டு என்றால் எங்கள் பக்கத்தில் நினைவுக்கு வருவது குஷ்டம் ஒன்றுதான். அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'அந்த வியாதி' என்பார்கள். அதைத் தெருக்குழாயடியில் முதலில் சொன்னதும் சேங்கொட்டை வைத்த அதே பெண்தான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெரியம்மாவுக்குச் சோறு தனித் தட்டில், தண்ணீர் சிரட்டையில் என்று ஆயிற்று. அவள் தொட்ட காயை ஊர்க்காரர்கள் வாங்கவில்லை. மூத்த மகளின் மாமியார், பேரனைப் பார்க்க இனி வர வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினாள். பெரியப்பா அவளோடு பேசுவதை நிறுத்தி, தங்கையிடம் சொல்லி அவளிடம் சொல்லச் சொன்னார். மூவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

ஒருநாள் காலை பெரியப்பா ஊர்ச் சாவடியில் கூட்டம் கேட்டார். பெண்டாட்டியை விலக்க எங்கள் சனத்தில் கோர்ட்டு தேவையில்லை. பெரியவர்கள் முன்னால் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக் கிள்ளிப் போட்டால் உறவு அறுந்துவிட்டது. ஆனால் காரணம் சொல்ல வேண்டும். சபை அதை ஏற்க வேண்டும்.

"வியாதிக்காரிய வச்சுக்கிட்டு எப்பிடிண்ணே குடும்பம் நடத்துறது? துரும்பக் கிள்ளிப் போட்டுர்றேன். அவ தங்கச்சி வீட்டுக்குப் போகட்டும்" என்றார் பெரியப்பா.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து என் அம்மா பேசினாள். "இம்புட்டு வருசமா கூட சொமந்து கொட்டுனவளுக்குத் துரும்பா? அந்தக் கூடையையாச்சும் கிள்ளிக் குடுங்க, அவ சம்பாதிச்சது."

ஆண்கள் சிரித்தார்கள். சபைக்குத் தலைவராக இருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "வியாதின்னு நீ சொன்னாப் போதுமாப்பா? மதுரையில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. டாக்டர் சொல்லட்டும். வியாதின்னா கிள்ளிப் போட்டுக்க. இல்லேன்னா பேசாம கூட்டிட்டுப் போயி வச்சுப் பொழைக்கணும். இந்தா, படிச்ச புள்ள நிக்கிதுல்ல, அது கூட்டிட்டுப் போகட்டும்."

பெரியம்மா தள்ளி, சாவடி நிழல் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அவள் முக்காட்டை இடது பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் பின்னால் தள்ளிப் போனார்கள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். உள்ளூரப் பயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கிற பெண் நான் இல்லை. வழியெல்லாம் எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொன்னேன். அந்த வியாதியின் திட்டு வெளுப்பாக இருக்கும், தொட்டால் உணர்வு இருக்காது, உனக்கு வந்தவை கறுத்த புள்ளிகள், அது வேறு இது வேறு என்றேன். அவள் கேட்டுக்கொண்டது 'உணர்வு இருக்காது' என்ற ஒன்றை மட்டும்தான். நெற்றியோரத்து வெள்ளைத் திட்டைக் கிள்ளிப் பார்த்தாள். மறுபடி கிள்ளினாள். பஸ் ஆரப்பாளையத்துக்கு வந்தபோது அது சிவந்து தடித்திருந்தது.

தோல் பிரிவில் வரிசை நீளம். டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர். ஒரு பஞ்சைத் திரித்து நுனியைக் கூராக்கினார்.

"கண்ண மூடிக்கங்கம்மா. பஞ்சு எங்க படுதோ அந்த எடத்த வெரலால தொட்டுக் காட்டணும்."

பெரியம்மா கண்ணை மூடிய உடனே கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் இன்னும் தொடவே இல்லையே."

"தொட்டாப்ல இருந்துச்சு தாயி."

"தொடாததுக்கெல்லாம் காட்டக் கூடாது."

"சரி தாயி" என்றவள், மறுபடியும் தொடாத தாடையைக் காட்டினாள். டாக்டரம்மா பஞ்சைக் கீழே வைத்தார். பெரியம்மாவின் மூச்சு நிதானமாகும்வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். கன்னம், காதோரம், புறங்கை. பெரியம்மா எல்லாவற்றையும் சரியாகக் காட்டினாள். உள்ளங்கையில் பஞ்சு பட்டபோது காட்டவில்லை. பரீட்சை எழுதும் பிள்ளைபோல் கண்ணை இறுக்கி மூடி, அடுத்ததற்காகக் காத்திருந்தாள். நான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"காய்ப்பு. இதுல பஞ்சு எங்க தெரியும்? கூட தூக்குற கையா?"

"ஆமா தாயி."

வெள்ளைத் திட்டின் ஓரங்களில் தொட்டபோது காட்டினாள். நடுவில் தொட்டபோது விரல் எழவில்லை. டாக்டரம்மா பஞ்சை வைத்துவிட்டு ஊசி நுனியால் லேசாகத் தொட்டார். "சுருக்குங்குது" என்றாள் பெரியம்மா. கழுத்தோர நரம்பையும் முழங்கை நரம்பையும் தடித்திருக்கிறதா என்று டாக்டரம்மா உருட்டிப் பார்த்தார்.

"இங்க என்னத்தப் போட்டீங்க?"

"ஒண்ணும் போடல தாயி."

"சேங்கொட்டை" என்றேன் நான். பெரியம்மா என் கையைக் கிள்ளினாள். சொன்னால் நாத்தனாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அந்த அறைக்குள்ளும் அவளை விடவில்லை.

"சுட்ட வடு இது. தோலோட நெறம் வெந்து போச்சு. வியாதி இல்ல" என்றார் டாக்டரம்மா. பிறகு பெரியம்மாவின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "வலது கன்னத்துல அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. இடது பக்கம் அள்ளித் தெளிச்ச மாதிரி. தெனமும் இந்தப் பக்கமா வெயில் அடிக்கிற எடத்துல உக்காருவீங்களா?"

ஜோசியம் கேட்டவள்போல் பெரியம்மா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அவள் தெற்கே பார்த்து உட்காருவாள். காலை முழுக்கக் கிழக்கு வெயில் இடது பக்கத்தில்தான். அதை நான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.

டாக்டரம்மா அவளுடைய மேல்கையைத் தூக்கி உட்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு புள்ளி இல்லை, சின்னப் பிள்ளையின் தோல்போல் இருந்தது. "வெயில் படாத எடம். வயசும் வெயிலும் சேந்தா வர்ற புள்ளி இது. தொத்தாது, உயிருக்கும் ஒண்ணும் செய்யாது. அழுக்கு இல்ல, தேய்ச்சாப் போகாது. களிம்பு எழுதித் தாரேன், கொஞ்சம் வெளிறும், முழுசாப் போகாது. வெயில்ல போகாம இருந்தாலே கொஞ்சம் கொறையும். முக்காடு போட்டு உக்காருங்க. இல்ல, உக்காருற எடத்த மாத்துங்க. ஒரு புள்ளி மட்டும் திடீர்னு வளந்தாலோ, ரத்தம் கசிஞ்சாலோ திரும்ப வாங்க. கண்ட கொட்டையையும் வைக்காதீங்க."

வெளியே வந்ததும் பெரியம்மா சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு.

"வெயில்ல போகக் கூடாதாம்ல. தோட்டத்துல களை யாரு எடுப்பா? அந்தத் தாயி வந்து எடுக்குமா?"

டீக்கடையில் எல்லோருக்கும் கொடுப்பதுபோல் அவளுக்கும் கண்ணாடிக் கிளாசில் டீ கொடுத்தார்கள். வாங்கியவள் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சாவடியில் சபை நடுவே பெண்கள் நின்று பேசும் வழக்கமில்லை. நான் நின்று பேசினேன். என் வாழ்க்கையில் அதுவரை செய்தவற்றில் அதுவே பெரிதென்று எனக்குத் தோன்றியது. வெள்ளைத் திட்டு எதனால் வந்தது, யார் வைத்த கொட்டையால் வந்தது என்று சொன்னேன். பஞ்சு, ஊசி, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் சொன்னேன். இடது கன்னத்தையும் கிழக்கு வெயிலையும் சொன்னபோது சபையே தலையாட்டியது.

"இது வியாதி இல்லைங்க. வயசும் வெயிலும் சேந்து வர்றது. தலை நரைக்கிற மாதிரி" என்று முடித்தேன். நரை என்ற உவமை டாக்டரம்மா சொன்னதல்ல, என்னுடையது. அது நன்றாக இருப்பதாக எனக்கு நினைப்பு.

பெரியப்பா எழுந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். சாந்தமாக இருந்தார்.

"வயசுன்னு டாக்டரே சொன்னாகளா?"

"ஆமா."

"நரை மாதிரி."

"ஆமா."

"கேட்டுக்கங்கண்ணே. நான் வியாதின்னு நெனச்சது தப்பு. சபையில ஒத்துக்கிறேன். துரும்பு கிள்ளல. அவ எங்கேயும் போக வேணாம், வீட்டுலயே இருக்கட்டும். ஆனா அவளுக்கு வயசாயிருச்சுன்னு டாக்டரும் சொல்லிட்டாக, படிச்ச புள்ளயும் சொல்லிருச்சு. எனக்குக் கொள்ளி வைக்க ஆம்பளப் புள்ள இல்ல. இனிமே இவளா பெத்துத் தரப்போறா? இன்னொண்ணு கட்டிக்கிறேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். "என்னத்தா சொல்ற?"

"ரெண்டாங் கல்யாணத்துக்குச் சட்டத்துல எடமில்ல" என்றேன்.

"அது மதுரையில" என்றார் பெரியவர்.

"பெரியப்பா தலையப் பாருங்க. வழுக்கையில அதே புள்ளிதான். அவருக்கும் வயசாயிருச்சு."

உண்மையில் இருந்தது. அரச இலையில் பூச்சி அரித்ததுபோல் அவர் உச்சந்தலை முழுக்க இருந்தது. சபை திரும்பி அவர் தலையைப் பார்த்தது. பெரியப்பாவும் தலைத்துண்டை எடுத்துவிட்டுத் தானே தடவிக் காட்டினார்.

"ஆம்பளத் தலையில புள்ளிய யாருத்தா எண்ணிக்கிட்டு இருப்பா? ஏறி நின்னு கோலமா போடப்போறாக?" என்றார் ஒருவர். சாவடியே சிரித்தது. பெரியவரும் இந்தத் தடவை சிரித்துவிட்டார். சிரித்தபின் நியாயம் பேச யாரும் இல்லை. பெண்டாட்டியை விலக்காமல் வைத்துக்கொள்கிற நல்ல மனுஷன் என்று பெரியப்பாவுக்குப் பேராயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியம்மா என்னிடம் கேட்டாள். "வியாதி இல்லேங்கிறதோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"உண்மைய முழுசாத்தான் சொல்ல முடியும்" என்றேன்.

அறுவடை முடிந்து கல்யாணம் நடந்தது. பெண் பெரியப்பாவின் தங்கைக்கு நாத்தனார் மகள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். மூத்தாள் சம்மதம் என்று காட்ட, பெரியம்மாதான் பெண்ணுக்கு முதல் மஞ்சள் பூச வேண்டும். அவள் கிண்ணத்தை எடுத்தபோது நாத்தனார் தடுத்தாள்.

"நீ வேணாம் மதினி."

"வியாதி இல்லேன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் அம்மா.

"வியாதி இல்லதான். அதுக்காக? புதுப் பொண்ணு கன்னத்துல அந்தக் கை படுறது பாக்க நல்லாவா இருக்கு?"

பெரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று போனவள்தான், அதன்பிறகு வீட்டில் அவளுக்கு இடம் அடுப்படிதான் என்று ஆயிற்று. சின்னவளாக வந்தவளுக்கு முதலில் மகன் பிறப்பான் என்று காத்திருந்தார்கள். மகள் பிறந்தாள். குழந்தை தவழ ஆரம்பித்ததும் பெரியப்பா கூடையைச் சின்னவளிடம் கொடுத்தார். சமையல், மாடு, குழந்தை எல்லாம் பெரியம்மாவுக்கு.

எனக்கு வேலை கிடைத்து வெளியூரில் தங்கிவிட்டேன். சில வருஷம் கழித்து ஒரு விடுமுறைக்கு வந்தபோது பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். கூரைக்கு அடியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். புள்ளிகள் மறையவில்லை. ஆனால் வெளிறிப் போய், துணியில் பட்டுத் துவைத்த டீக்கறைபோல் ஆகியிருந்தன. வெள்ளை வடு மட்டும் அப்படியே இருந்தது.

"களிம்பா?"

"களிம்பு அப்பவே தீந்து போச்சு. வெயிலு இல்ல, அம்புட்டுத்தான். அந்தத் தாயி சொன்னது நெசந்தான்." முறத்தைத் தட்டினாள். "சின்னவளுக்கு ரெண்டாவதும் பொட்டப் புள்ள, தெரியும்ல? உங்க பெரியப்பா அவட்டப் பேசுறதக் கொறச்சிட்டாரு. தங்கச்சிட்டச் சொல்லித்தான் சொல்றாரு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. கல்யாண வீட்டுச் செய்தி சொல்வதுபோல் சொன்னாள்.

"அவளுக்கு வந்துருச்சு. எடது கன்னத்துல, காதோரமா. துவரம்பருப்பு மாதிரி ஒண்ணு. அவ இன்னும் பாக்கல."

"முக்காடு போட்டு உக்காரச் சொல்லலையா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? தெனமும் காலையில கூடையத் தூக்கி விடுறது நாந்தான். 'அதே சொவரு, அதே எடம், மாத்திராதடி, வாடிக்கை போயிரும்'னு சொல்லித்தான் அனுப்புறேன். பாவம், சொன்னபடி கேப்பா." நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். "நீ எதையும் ஒளறிராத. படிச்சவளாச்சேன்னு வாயத் தொறக்காத. ஒருதரம் தொறந்தது போதும்."

மறுநாள் காலை வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்ப ஆரப்பாளையத்தில் இறங்கினேன். சின்னவள் சுவரில் சாய்ந்து தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தையை மடியில் போட்டு, முந்தானை முழுவதையும் அதன்மேல் மூடியிருந்தாள். அவள் தலையில் ஒன்றும் இல்லை. வெயில் கன்னத்தில் சரியாக விழுந்திருந்தது.

"வாம்மா, கெளம்பிட்டியா? நல்ல பிஞ்சாப் பாத்துப் பொறுக்கிக்க" என்று கூடையை என் பக்கம் தள்ளினாள். நான் குனிந்து பொறுக்கினேன். புள்ளி பெரியம்மா சொன்ன இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று தொடங்கியிருந்தது. அதைப் பெரியம்மா இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

"என்ன அப்பிடிப் பாக்குற? மூஞ்சியில என்னமும் ஒட்டியிருக்கா?" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

என் பஸ் வந்தது. ஏறி, நிழல் விழும் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.